தேவகி எதிர் ஜெர்மனி

எங்கள் சட்டக் கல்லூரிக்குள் ஐரோப்பா நுழைந்தது போன வருஷம் ஆடி மாதத்தில். பேராசிரியர் தீனதயாளன் பன்னிரண்டு நாள் பயிற்சிக்காக லக்சம்பர்க் போய், கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றாமல் திரும்பி வந்தார். அந்த அட்டையோடு அவர் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிள்ளைகள் உண்டு. கேட்டால், "அடடே, கழட்ட மறந்துட்டேன்" என்பார். ஒரு மாதம் மறந்தார்.

நான் மாசிலாமணி. திண்டிவனம் கோர்ட்டில் இருபத்தி மூன்று வருஷமாக வக்கீல். வாரத்தில் மூன்று பிற்பகல் இந்தக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு மத்தியில் நான்கு மாடிக் கட்டடம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஸ்டாஃப் ரூமில் பெயர். பெயர் சரியானதுதான். நடந்ததில் அந்த வாய்க்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லக்சம்பர்க்கில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நாடுகளுக்கு மேலான சட்டம். ஐரோப்பாவில் இருபத்தேழு நாடுகள் கூடி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, எங்கள் சொந்தச் சட்டத்தைவிட இதுதான் பெரிது என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை வெறும் பாடமாக நடத்தக் கூடாது, நடைமுறை வழக்குகளுக்குப் பொருத்திப் பார்க்க மாணவர்களைப் பழக்க வேண்டும் என்பது பயிற்சியின் சாரம். நல்ல யோசனைதான். நம்மிடம் வந்து சேரும்போது நல்ல யோசனைகளுக்கு என்ன ஆகுமோ அது ஆனது. என்னுடைய வியாழக்கிழமை வகுப்பைப் பிடுங்கி அதற்குக் கொடுத்தார்கள்.

நாலாம் ஆண்டில் அறுபத்தி இரண்டு பேர். கோலியனூர், விக்கிரவாண்டி, மரக்காணம் பக்கத்துக் குப்பங்கள் என்று பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். அவர்கள் முன்னால் தீனதயாளன் முதல் வாரம் ஒரு நடைமுறை வழக்கை வைத்தார். அ நாட்டுக்காரர் ஒருவர் சீஸ் தயாரிக்கிறார். ஆ நாடு அதை உள்ளே விட மறுக்கிறது. அவருடைய உரிமை என்ன? கோலியனூர் தென்னரசு எழுந்து, "சார், சீஸ் கெட்டுப் போறதுக்குள்ள கேஸ் முடியுமா?" என்று கேட்டான். அது ஒன்றுதான் அன்று வகுப்பில் எழுந்த சட்டக் கேள்வி. அவனை உட்காரச் சொல்லிவிட்டார்.

வழக்கை அணுக ஏழு படிகள் என்று திரையில் போட்டுக் காட்டினார். முதல் படியில், உள்ளூர்ச் சட்டத்தில் என்ன பரிகாரம் இருக்கிறது, அதற்கு எத்தனை நாள் அவகாசம் என்று பார்க்கவும் என்று எழுதியிருந்தது. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்று சொல்லி ஒரே தாவலில் இரண்டாம் படிக்குப் போனார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிடுங்கப்பட்ட என் வகுப்பு எப்படிச் சீரழிகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

மூன்றாவது வாரம் நிஜமான வழக்கு ஒன்றைச் சொன்னார். நாற்பது வருஷத்துக்கும் மேல் பழையது. பிரான்சில் செய்த ஒரு பழ மதுவை, அதில் போதை போதவில்லை என்று ஜெர்மனி தடுத்தது. ஒரு நாட்டில் சட்டப்படி செய்து விற்கும் பொருளை, தகுந்த காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. போதை போதவில்லை என்று கவலைப்பட்ட ஒரு அரசாங்கம் உலகத்தில் இருந்ததா என்று வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தென்னரசு மறுபடி எழுந்தான்.

"சார், அப்ப பாண்டி பாட்டிலு?"

எங்கள் மாவட்டத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. புதுச்சேரியில் கடையில் பில் போட்டு வாங்குகிற பாட்டில், எல்லை தாண்டி நம் பக்கம் வந்தால் குற்றம். ரோட்டுக்கு ரோடு செக்போஸ்ட். தீனதயாளன் முகம் மலர்ந்துவிட்டது. புதுச்சேரி ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், ஆகவே அது பிரான்ஸ். தடுப்பது நாம், ஆகவே விழுப்புரம் ஜெர்மனி. பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டார். அந்த வாரக் கடைசிக்குள் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் ஏறி "அண்ணே, ஜெர்மனி பஸ் ஸ்டாண்டு ரெண்டு பேரு" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே சிரிக்காத ஒருத்தி இருந்தாள். கலைப்பிரியா, மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அவள் வீட்டு விஷயம் ஐப்பசியில் வகுப்புக்கு வந்தது.

அவள் அம்மா தேவகி மீன் வியாபாரம். விடியற்காலையில் புதுச்சேரி துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி, எட்டு மணிக்குள் திண்டிவனம் தெருக்களுக்கு வந்துவிடுவாள். வீட்டுக்காரர் மாயவன் இறந்து மூன்று வருஷம். வருஷப் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது அவர்கள் வழக்கம். வஞ்சிரம் வறுவல், பீடிக்கட்டு, கூடவே பாட்டில். மாயவன் உயிரோடு இருந்தவரை புதுச்சேரிச் சரக்கைத் தவிர வேறெதையும் தொட்டதில்லையாம். செத்தவருக்குப் போய் டாஸ்மாக்கில் வாங்கி வைக்க மனசு வராமல், தேவகி புதுச்சேரியிலிருந்து இரண்டு குவார்ட்டர் பாட்டில் வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். செக்போஸ்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஐஸுக்கு அடியில் பாட்டில். ஒளித்துக் கொண்டுவந்ததாக எழுதிவிட்டார்கள்.

தேவகியை அன்று சாயங்காலமே ஜாமீனில் விட்டார்கள். வண்டியை விடவில்லை. பத்து நாளில் விழுப்புரத்து மதுவிலக்கு அலுவலகத்திலிருந்து நோட்டீசு வந்தது. வண்டியை அரசாங்கமே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலமாகப் பதில் சொல்ல வேண்டும். வண்டி போனால் தொழில் போயிற்று. மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதிப்பதில்லை. அப்படியே ஏறி வந்தாலும் திண்டிவனம் சேர பத்து மணி ஆகும், அதற்குள் வாடிக்கை வீடுகளில் வேறு மீன் கொதித்துக்கொண்டிருக்கும்.

கலைப்பிரியா அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு முதலில் தீனதயாளனிடம்தான் போனாள். படித்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரான்சிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு பாட்டில், தடுத்து வைத்த அதிகாரி, பாதிக்கப்பட்ட பெண். லக்சம்பர்க்கிலேயே இவ்வளவு கச்சிதமான வழக்கு கிடைக்காது.

"சார், பதினஞ்சி நாள்ல பதில் குடுக்கணும்னு போட்டிருக்கு" என்றாள் அவள்.

"குடுக்கலாம்மா. வாதவுரையா எழுதிடுவோம். இது ஒரு தனி மனுஷியோட வண்டி இல்ல, ஒரு கோட்பாடு. ஒரிஜினல் நோட்டீசு பத்திரமா இருக்கட்டும், பின்னிணைப்பா வெச்சிடு."

அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்திருக்கிறது. மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். நான் போண்டா தின்றுகொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"சார், இந்த நோட்டீசுக்கு இன்னா எழுதறதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? அம்மா பேஜாராயி கெடக்குது."

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வாங்கவில்லை. "என்னை எதுக்கும்மா கேக்கற? உங்களுக்கு லக்சம்பர்க்கே பதில் எழுதும். நான் உள்ளூர் வக்கீலு" என்றேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல அடி என்று எனக்கே ஒரு திருப்தி. அவளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் சிரித்தாளே, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிறகு, இதையே வழக்காக வைத்துக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடத்துகிற வேலை மும்முரமாக நடந்தது. அறுபத்தி இரண்டு பேரும் நாலு குழுவாகப் பிரிந்தார்கள். நூலகத்தில் மின்விசிறி ஓய்வில்லாமல் சுற்றியது. தேவகி இறக்குமதியாளரா, சாதாரணப் பயணியா? இரண்டு குவார்ட்டர் என்பது வணிகமா? இரண்டு நாள் விடாமல் அடித்துக்கொண்டது ஒரு கேள்விக்காக. அந்தப் பாட்டிலின் நுகர்வோர் யார்? மாயவன்தான் என்றது ஒரு குழு. இறந்தவர் நுகர்வோர் ஆக முடியாது என்றது இன்னொரு குழு. வருஷத்துக்கு ஒரு நாள் படையலுக்காக அவர் எல்லை தாண்டி வருகிறார், ஆகவே சரக்குகள் மட்டுமல்ல, ஆட்கள் தடையின்றி நடமாடும் உரிமையும் இதில் அடங்கும் என்று விக்கிரவாண்டி ஜெசிந்தா பன்னிரண்டு பக்கம் எழுதினாள். தீனதயாளன் அவளுக்குக் கை கொடுத்தார்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு எங்கள் கோர்ட்டில் நடந்தால் திண்டிவனத்தில் நிலுவை வழக்கே இருக்காது. கலைப்பிரியா மட்டும் நாற்பத்தி நாலு பக்கம் எழுதினாள். காலையில் அம்மாவோடு மீன் கூடையைத் தூக்கி பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டு, அங்கிருந்தே கல்லூரிக்கு வருவாள். கைக்குட்டையில் எலுமிச்சைத் தோல் வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைவாள்.

வாதவுரைகளைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை. கலைப்பிரியாவுடையதில் கடைசிப் பின்னிணைப்பாக அந்த நோட்டீசு இருந்தது. நகல் இல்லை, ஒரிஜினல். ஓரத்தில் ஓட்டை போட்டுச் சுருள் கம்பியில் கோத்திருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். இன்னும் மூன்று நாள் இருந்தது. இதற்குத் தனியாகப் பதில் போயிருக்கும், சட்டம் படிக்கிற பெண்ணாயிற்றே, அதுகூடவா செய்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது பாதி, கேட்கச் சோம்பல் பாதி. பின்னிணைப்புகள் ஒழுங்காக உள்ளன என்று எழுதி ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

மாதிரி நீதிமன்றம் நடந்த நாள், நோட்டீசு வந்த இருபத்தி இரண்டாம் நாள். செமினார் ஹாலில் தோரணம். மேடைக்கு மேலே நீதிமன்றம் என்று தெர்மாகோல் எழுத்து. ரிட்டயர்டு நீதிபதி ஒருவர் கறுப்புக் கோட்டோடு நடுநாயகமாக உட்கார்ந்தார். திரையில் லக்சம்பர்க்கிலிருந்து ஒரு பேராசிரியை. நெட் போய், வாய் திறந்தபடி பாதி நேரம் அசையாமல் இருந்தார். தேவகியைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். நல்ல புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, மடியில் ஒரு பையோடு வந்திருந்தாள். பையில் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் சாவியும் இருந்தன.

இரண்டு மணி நேரம் வாதம். தென்னரசு ஜெர்மனிக்காக வாதாடினான். கலைப்பிரியா குரல் நடுங்காமல் பேசினாள். பிரான்சில் சட்டப்படி விற்கப்பட்ட பொருள், தகுந்த காரணம் இல்லாத தடை, குற்றத்துக்குப் பொருத்தமே இல்லாத பறிமுதல். எனக்கே உடம்பு சிலிர்த்தது, மறைக்க மாட்டேன். நீதிபதி எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார். வண்டியைத் தாமதமின்றி உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். கை தட்டல் ஓயவே இல்லை. லேமினேட் செய்து தங்க நிற முத்திரை ஒட்டிய தீர்ப்பைத் தேவகி கையில் கொடுத்து, தீனதயாளன் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள்.

சமோசா வரும்போது தேவகி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், இத எங்க கொண்டும்போயி காட்டணும்? இப்பயே போனா வண்டிய ஓட்டிக்கினு வந்துடலாமா? வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு போயி சேரணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கலைப்பிரியா வந்துவிட்டாள். "எம்மா, இது நெஜம் இல்லம்மா. இது சும்மா, பயிற்சிக்கு. நேத்தே சொன்னேனே."

"சொன்ன. கோட்டு போட்டவரு, கோர்ட்டுன்னு போர்டு, நீயும் அப்பிடிப் பேசற. நெஜம்னுதான் நெனச்சேன்" என்றாள் தேவகி. அவமானப்பட்டவள் மாதிரித் தெரியவில்லை. தீர்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நெஜம் என்னிக்கி நடக்கும்?"

அந்த ஹாலில் யார் யார் இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று முனைவர்கள், ஒரு ரிட்டயர்டு நீதிபதி, இருபத்தி மூன்று வருஷ வக்கீல் ஒருவன். நான் கலைப்பிரியாவைத் தனியாக இழுத்து, நோட்டீசுக்குப் பதில் அனுப்பினாயா என்று கேட்டேன். வாதவுரையைக் கல்லூரி அனுப்பிவைக்கும் என்று தீனதயாளன் சார் சொன்னதாகச் சொன்னாள். அவரைக் கேட்டேன். "அனுப்பிட்டமே. லக்சம்பர்க்குக்கு ரெண்டு காப்பி" என்றார்.

சமோசாவை வைத்துவிட்டு இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனேன். வழியெல்லாம் தேவகி பேசிக்கொண்டே வந்தாள். மகள் எவ்வளவு நன்றாகப் பேசினாள், அவள் அப்பா இருந்து கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. கலைப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அலுவலகத்தில் காந்திமதி என்று ஒரு அதிகாரி. கோப்பைத் தேடி எடுத்துப் புரட்டினாள். கோப்பில் அவர்கள் அனுப்பிய நோட்டீசின் நகல் இருந்தது. அடுத்த தாள், வண்டியை அரசு எடுத்துக்கொண்ட உத்தரவு. நாலு நாளைக்கு முந்தைய தேதி. நடுவில் எதுவுமே இல்லை.

தேவகி லேமினேட் தீர்ப்பை நீட்டினாள். காந்திமதி அதை ஒதுக்கிவிடவில்லை, முழுக்கப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க சார். ஆனா எங்களுக்கு ஒரு பதிலும் வரலியே. ரெண்டு குவார்ட்டரு, அதுவும் படையலுக்கு. ஒரு வெள்ளப் பேப்பர்ல நாலு வரி எழுதி, வீட்டுக்காரரு இறப்புச் சான்றிதழ ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருந்தா நானே மேல எழுதி அனுப்பியிருப்பேன். மொத கேசு, பொம்பள, மீன் யாவாரம். பெரும்பாலும் விட்டுடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப உத்தரவு போட்டாச்சி. அப்பீல்தான் போவணும். முடிய மாசக் கணக்காவும். அதுவரைக்கும் வண்டி வெயில்லயும் மழையிலயும் கெடக்கும்."

வெளியே வந்தோம். சுற்றுச்சுவர் ஓரமாகப் பிடிபட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. தேவகி தன் வண்டியை உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஐஸ் பெட்டி இன்னும் கட்டியபடியே இருந்தது. கிட்டப் போகவில்லை. அங்கேயே நின்று மகளைக் கேட்டாள்.

"நீ எழுதலியா?"

"நாப்பத்தி நாலு பக்கம் எழுதினேன்மா."

"இவங்களுக்கு எழுதலியா?"

கலைப்பிரியா அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். தேவகி அவளைத் திட்டவில்லை. பொன்னாடையின் முனையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தீனதயாளன்.

"மாசிலாமணி, ஆபீஸ்ல இருக்கீங்களாமே? நல்லதாப் போச்சி. தேவகியம்மா கையில தீர்ப்போட, பின்னாடி வண்டி தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து ஜல்தியா அனுப்புங்க. லக்சம்பர்க்குக்கு அனுப்பற ரிப்போர்ட்ல சமூகப் பயன்னு ஒரு பகுதி இருக்கு, காலியாக் கெடக்குது."

நான் அவரைத் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்தும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. நாலு வரிப் பதில் போதும் என்று அந்த மனிதருக்காவது தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பெண் வாசலில் வந்து நின்றபோது எனக்குத் தெரியும்.

தேவகி நான் போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க வக்கீலுதானே சார்?"

"ஆமாம்மா."

"நெஜ வக்கீலு?"

"ஆமா."

"அப்ப நீங்க எழுதுங்க."

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தேன். இரண்டு பாட்டில், இறந்த கணவரின் படையலுக்கு. விற்பதற்கு இல்லை. வண்டி இல்லாமல் பிழைப்பு இல்லை. அப்பீலுக்கு வேண்டிய எல்லாமும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. தேவகி பக்கத்திலேயே நின்று பேனா போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாங்கிக் கொடுத்த டீயை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை, ஆவி பறந்துகொண்டிருந்தது. தாளை அவளிடம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவள் அதை வாங்கி, முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இவ்ளோதானா சார்?" என்று கேட்டாள்.